கார்ட்டூன்களின் முத்திரை வசனங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரட்டைக் கடித்தபடி பக்ஸ் பன்னி என்ற முயல் கேட்கும் "வாட்ஸ் அப், டாக்?", தலையில் அடித்துக்கொள்ளும் ஹோமர் சிம்ப்சனின் "டோ!", வேலை முடிந்த சந்தோஷத்தில் ஃபிரெட் பிளின்ட்ஸ்டோன் போடும் "யாபா டாபா டூ!"... கார்ட்டூனே பார்த்திராதவர்களுக்கும் இவற்றில் ஒன்றாவது தெரிந்திருக்கும். இவை எப்படிப் பிறந்தன, எப்படி ஊர் வாயில் புகுந்தன, இவற்றால் யார் சம்பாதித்தார்கள், யார் விடுபட்டுப் போனார்கள் என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம். பதில்களில் என் கட்சி ஒன்று இருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த வசனங்களில் மிகச் சிறந்தவற்றுக்கு உயிர் கொடுத்தவர்கள் மைக் முன்னால் நின்ற குரல் கலைஞர்கள். அவர்களுக்குச் சேர வேண்டிய பெயர் இன்னும் முழுதாகச் சேரவில்லை.

முத்திரை வசனம் என்றால் என்ன? பஞ்ச் டயலாக்கும் அதுவும் ஒன்றுதானா?

கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் பஞ்ச் டயலாக் ஒரே ஒருமுறை வந்து கைதட்டல் வாங்கிக்கொண்டு போய்விடலாம். முத்திரை வசனத்துக்கு அது போதாது. அதே பாத்திரம், அதே தொனியில், திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் ஆள் யாரென்று தெரிய வேண்டும். அது முழு வாக்கியமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ரோட் ரன்னர் பறவையின் "பீப் பீப்", மரங்கொத்தி வுடி வுட்பெக்கரின் சிரிப்பு எல்லாமே இந்தக் கணக்கில் வரும்.

இந்த வழக்கம் கார்ட்டூனில்தான் தொடங்கியதா?

இல்லை. மேடை நகைச்சுவையிலும் பிறகு ரேடியோவிலும் ஏற்கனவே ஊறிப்போன வழக்கம் இது. 1930களில் அமெரிக்க வீடுகளில் சாயங்காலம் என்றால் ரேடியோதான். முகம் தெரியாத இடத்தில் ஆளை அடையாளம் காட்ட, அவருக்கென்று ஒரு வரி தேவைப்பட்டது. ஜோ பென்னர் என்ற நகைச்சுவை நடிகர் "ஒரு வாத்து வாங்கிக்கிறீங்களா?" என்று கேட்டே நாடு முழுக்கப் பிரபலமானார்.

கார்ட்டூன்காரர்கள் ரேடியோவிலிருந்து தாராளமாக எடுத்துக்கொண்டார்கள். "ஐ ஸே, ஐ ஸே..." என்று எல்லாவற்றையும் இரண்டு முறை சொல்லும் ஃபோக்ஹார்ன் லெக்ஹார்ன் என்ற சேவல் 1946-ல் திரைக்கு வந்தது. அந்தப் பேச்சு, ஃபிரெட் ஆலனின் ரேடியோ நிகழ்ச்சியில் கென்னி டெல்மர் நடித்த செனட்டர் கிளாக்ஹார்ன் என்ற தென்மாநில அரசியல்வாதியின் பேச்சு. பெயரிலேயே சாடை தெரிகிறது. இன்று செனட்டரை யாருக்கும் நினைவில்லை, சேவல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ரேடியோ நிகழ்ச்சி அன்றைக்கு ஒலித்து அன்றைக்கே முடிந்துவிடும். கார்ட்டூனை டிவியில் தலைமுறை தலைமுறையாகப் போட்டுக்கொண்டே இருக்கலாம்.

"வாட்ஸ் அப், டாக்?" எப்படிப் பிறந்தது?

1940 ஜூலை 27-ல் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட 'எ வைல்ட் ஹேர்' என்ற குறும்படத்தில். இயக்குநர் டெக்ஸ் ஏவரி, டெக்சஸ்காரர். டல்லாஸில் அவர் படித்த உயர்நிலைப் பள்ளியில் பையன்கள் ஒருவரையொருவர் "டாக்" என்று கூப்பிட்டுக்கொள்வது சர்வசாதாரணம். மருத்துவருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த ஊர்ப் பேச்சை அப்படியே எடுத்து முயலின் வாயில் வைத்தார்.

அந்தக் காட்சியை நிதானமாகப் பார்க்க வேண்டும். வேட்டைக்காரர் எல்மர் ஃபட் துப்பாக்கியோடு வளைக்குள் துழாவிக்கொண்டிருக்கிறார். முயல் பக்கத்திலிருக்கும் இன்னொரு வளை வழியாக வெளியே வந்து, கேரட்டைக் கடித்தபடியே அவர் தலையில் கதவைத் தட்டுவதுபோலத் தட்டி, "என்ன விசேஷம்?" என்கிற தோரணையில் கேட்கிறது. அதுவரை வந்த கார்ட்டூன்களில் துப்பாக்கியைக் கண்ட பிராணி அலறும், ஓடும், அல்லது கிறுக்குத்தனமாகக் குதிக்கும். இது எதுவுமே செய்யவில்லை. உயிரை எடுக்க வந்தவனிடம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்போலப் பேச்சுக் கொடுக்கிறது. அரங்குகள் அதிர்ந்தன. அந்தச் சிரிப்பைக் கேட்டபிறகுதான் இதை ஒவ்வொரு படத்திலும் வைப்பது என்று முடிவு செய்ததாக ஏவரி பிற்காலத்தில் சொன்னார்.

கேரட்டைக் கடித்தபடி வேகமாகப் பேசும் பாணிக்கு, 1934-ல் வந்த 'இட் ஹேப்பண்ட் ஒன் நைட்' படத்தில் கிளார்க் கேபிள் நடித்த காட்சி தூண்டுதலாக இருந்ததாக வார்னர் கலைஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆக, பள்ளிப் பையன்களின் பேச்சு, ஒரு சினிமா நட்சத்திரத்தின் சேட்டை, முயலுக்குக் குரல் கொடுத்த மெல் பிளாங்க்கின் நியூயார்க் தெருக்குரல் மூன்றும் சேர்ந்த கலவை அது. இதில் யாரும் உட்கார்ந்து வசனம் "எழுதியதாக" எனக்குத் தோன்றவில்லை.

அப்படியானால் எழுத்தாளர்களுக்குப் பங்கே இல்லையா?

உண்டு. வசனம் எங்கே விழ வேண்டும் என்ற இடத்தை அமைப்பது எழுத்தும் இயக்கமும்தான். ஆனால் வசனத்தின் உருவம் எப்படி வந்தது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

"டோ!" என்ற சத்தம் சிம்ப்சன்ஸ் ஸ்கிரிப்டில் இல்லை. அந்த இடத்தில் அடைப்புக்குறிக்குள் "எரிச்சலான உறுமல்" என்று மட்டும் இருந்தது. 1987-ல் 'தி டிரேசி உல்மன் ஷோ'வில் இந்தக் குடும்பம் குட்டிக் குட்டித் துணுக்குகளாக வந்த காலம். ஹோமருக்குக் குரல் கொடுத்த டான் காஸ்டலனெட்டா, இதை எப்படிச் சொல்வது என்று பாத்திரங்களை உருவாக்கிய மேட் குரோனிங்கிடம் கேட்டார். உன் இஷ்டம் என்று பதில் வந்தது. லாரல்–ஹார்டி படங்களில் வழுக்கைத் தலையும் பெரிய மீசையுமாக முறைத்துக்கொண்டே வருவாரே, ஜேம்ஸ் ஃபின்லேசன், அவர் கோபத்தில் "டோ...ஓஓ" என்று இழுப்பார். காஸ்டலனெட்டா அதை எடுத்தார். இவ்வளவு நீளம் வேண்டாம், சட்டென்று முடி என்றார் குரோனிங். அந்தக் கத்தரிப்புதான் வசனத்தை வசனமாக்கியது. ஸ்கிரிப்டில் மட்டும் பிறகும் "எரிச்சலான உறுமல்" என்றே எழுதிவந்தார்கள். சில அத்தியாயங்களின் தலைப்பிலேயே அந்தச் சொற்கள் ஏறியிருக்கின்றன.

'தி பிளின்ட்ஸ்டோன்ஸ்' (1960) ஸ்கிரிப்டில் ஃபிரெட் "யாஹூ!" என்று கத்த வேண்டும் என்றுதான் இருந்தது. குரல் கொடுத்த ஆலன் ரீட், "யாபா டாபா டூ என்று சொல்லிப் பார்க்கட்டுமா?" என்று தயாரிப்பாளர் ஜோ பார்பராவிடம் கேட்டுச் சொன்னார். அப்போதைய தலைக்கிரீம் விளம்பரம் ஒன்றின் வரியை ரீடின் அம்மா அடிக்கடி சொல்வாராம், அதன் சந்தம்தான் இது என்றும் சொல்வார்கள். "யாஹூ"வையும் "யாபா டாபா டூ"வையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதலாவது ஒரு கத்தல், அவ்வளவுதான். இரண்டாவதில் தாளம் இருக்கிறது, கடைசி எழுத்தில் மூச்சைப் பிடித்து நீட்ட ஓர் இடம் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த கதை ரோட் ரன்னருடையது. வார்னர் ஸ்டூடியோவில் பின்னணி ஓவியங்கள் வரைந்தவர் பால் ஜூலியன். பெரிய ஓவியங்களைத் தூக்கிக்கொண்டு நடைபாதையில் போகும்போது எதிரே வருபவர்கள் தெரியமாட்டார்கள். வழி விடச் சொல்லி ஹாரன் அடிப்பதுபோல வாயாலேயே சத்தம் கொடுத்துக்கொண்டு போவார். 1949-ல் முதல் ரோட் ரன்னர் படம் தயாரானபோது பறவைக்குச் சத்தம் தேவைப்பட்டது. ஜூலியனைக் கூப்பிட்டு மைக் முன்னால் நிறுத்தினார்கள். அந்தப் பறவை இன்றுவரை அடிப்பது ஓர் ஓவியர் வழிகேட்ட ஹாரன்.

ஹோமரின் மகன் பார்ட் சிம்ப்சனின் "ஈட் மை ஷார்ட்ஸ்" கூட, குரல் கொடுக்கும் நான்சி கார்ட்ரைட் பள்ளி பேண்ட் குழுவில் இருந்தபோது அடித்த கோஷத்திலிருந்து தான் எடுத்துவிட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார். சரக்கு எல்லாம் தெருவிலிருந்தும் வீட்டிலிருந்தும் பள்ளியிலிருந்தும் வந்திருக்கிறது. அதைப் பிடித்து, சரியான நொடியில் சரியான தொனியில் விட்டது குரல்.

மெல் பிளாங்க் பெயர் எல்லா இடத்திலும் வருகிறதே, அவர் யார்?

பக்ஸ் பன்னி, டாஃபி டக், ட்வீட்டி, சில்வெஸ்டர், போர்க்கி பிக், பிளின்ட்ஸ்டோன்ஸின் பார்னி ரபிள் என்று ஒரே தொண்டையில் ஓர் ஊரையே வைத்திருந்தவர். 1908-ல் பிறந்து 1989-ல் மறைந்தார். அந்தக் காலத்தில் கார்ட்டூன் டைட்டிலில் குரல் கலைஞர் பெயர் போடும் பழக்கமே இல்லை. சம்பள உயர்வு கேட்ட பிளாங்க்குக்கு, தயாரிப்பாளர் லியான் ஷ்லெசிங்கர் பணம் தர மறுத்து, அதற்குப் பதிலாகத் திரையில் பெயர் போடச் சம்மதித்தார். 1944 வாக்கில் அது ஒப்பந்தத்திலேயே ஏறிவிட்டது.

1961 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸின் சன்செட் பொலிவார்டில் பயங்கர கார் விபத்து. கோமாவில் கிடந்தார். பேர் சொல்லிக் கூப்பிட்டும் பதில் இல்லை. ஒருநாள் மருத்துவர் "பக்ஸ் பன்னி, இன்னிக்கு எப்படி இருக்கே?" என்று கேட்க, பக்ஸின் குரலில் பதில் வந்தது. பிறகு உடம்பு முழுக்க மாவுக்கட்டோடு படுத்த படுக்கையாக இருந்தபோதே, மைக்கை அருகில் வைத்து பார்னிக்குக் குரல் கொடுத்தார். ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தில் அவர் கல்லில் பொறித்திருப்பது போர்க்கியின் வரி: "தட்ஸ் ஆல், ஃபோக்ஸ்!"

போர்க்கியின் திக்கல் திக்குவாய்க்காரர்களைக் கேலி செய்வதாகாதா?

நியாயமான கேள்வி. போர்க்கி 1935-ல் அறிமுகமானபோது குரல் கொடுத்த ஜோ டோஹர்ட்டிக்கு உண்மையிலேயே திக்கல் இருந்தது. அதை அவரால் கட்டுப்படுத்த முடியாததால் பதிவுக்கு நேரமும் செலவும் கூடியது என்று 1937-ல் அவரை மாற்றி பிளாங்க்கைக் கொண்டுவந்தார்கள். பிழைப்பையே பாதித்த ஒரு குறையை வேறொருவர் நடித்துக் காட்டிப் புகழ்பெற்றார் என்பது மனதை உறுத்துகிற விஷயம்தான்.

பிளாங்க் அதில் செய்த மாற்றம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவருடைய போர்க்கி ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு போராடும்; சட்டென்று அதை விட்டுவிட்டு வேறொரு சுலபமான சொல்லைப் போட்டு வாக்கியத்தை முடித்துவிடும். சிரிப்பு வருவது அந்தத் தப்பித்தலில்தான். திக்கல் உள்ள பலர் அன்றாடம் கையாளும் வழி அது. இருந்தாலும், அந்த வரியைக் கேலியாகச் சொல்லிச் சக மாணவனைப் புண்படுத்தும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பெரியவர்கள் அதைக் கண்டும் காணாமல் விடக்கூடாது.

"தட்ஸ் ஆல், ஃபோக்ஸ்" போர்க்கிக்கே சொந்தமானதும் இல்லை. 1930-ல் லூனி டியூன்ஸ் என்ற வார்னர் கார்ட்டூன் வரிசை தொடங்கியபோது போஸ்கோ என்ற பாத்திரம் இதைச் சொல்லித்தான் படத்தை முடித்தது. 1937-ல் டிரம்மைக் கிழித்துக்கொண்டு போர்க்கி எட்டிப் பார்க்க ஆரம்பித்ததும் உரிமை மாறிவிட்டது.

டிவி கார்ட்டூன்களில் மட்டும் ஏன் எல்லாப் பாத்திரத்துக்கும் ஒரு வசனம் இருக்கிறது?

பணம்தான் காரணம். தியேட்டருக்காக எடுத்த ஏழு நிமிடப் படத்தில் ஒவ்வொரு அசைவையும் வரைய ஆளும் நேரமும் இருந்தது. 1957-ல் எம்ஜிஎம் தன் கார்ட்டூன் பிரிவை மூடியதும் வில்லியம் ஹன்னாவும் ஜோ பார்பராவும் சொந்தமாக டிவிக்கு எடுக்கத் தொடங்கினார்கள். கைக்கு வந்த பணம் முன்பு செலவழித்ததில் மிகச் சிறிய பங்கு. அசைவைக் குறைத்தார்கள். யோகி பேர் என்ற கரடியின் கழுத்தில் காலரும் டையும் ஏன் தெரியுமா? உடம்பை அப்படியே வைத்துவிட்டுத் தலையை மட்டும் மாற்றி மாற்றி வரையலாம், இணைப்பு தெரியாது.

படம் அசையாதபோது சிரிக்க வைக்க வேண்டிய முழுப் பொறுப்பும் குரல் தலையில் விழுந்தது. இதைப் "படம் போட்ட ரேடியோ" என்று வார்னர் கார்ட்டூன் இயக்குநர் சக் ஜோன்ஸ் குறை சொன்னார். குறையாகச் சொன்னாலும் அச்சுப் பிசகாத விவரிப்பு அது: ரேடியோவில் பிறந்த வழக்கம் ரேடியோ மாதிரியான இடத்தில் மறுபடி தழைத்தது. யோகியின் "சராசரிக் கரடியைவிட நான் கெட்டிக்காரன்", ஸ்னாகிள்பஸ் என்ற மலைச்சிங்கத்தின் "ஹெவன்ஸ் டு மர்காட்ராய்ட்!" இரண்டும் டாஸ் பட்லர் என்ற ஒரே மனிதரின் குரல். ஸ்னாகிள்பஸ்ஸின் குரல் நடிகர் பர்ட் லாரின் பாணியை ஒத்திருந்ததால் அவர் எதிர்ப்புத் தெரிவிக்க, விளம்பரங்களில் "குரல்: டாஸ் பட்லர்" என்று போட வேண்டியதாயிற்று. குரல் கலைஞர் பெயர் திரையில் வர இப்படியும் ஒரு வழி இருந்திருக்கிறது.

ஸ்கூபி-டூ என்ற பெயரே ஒரு முணுமுணுப்பிலிருந்து வந்தது. 'ஸ்ட்ரேஞ்சர்ஸ் இன் தி நைட்' பாட்டின் கடைசியில் ஃபிராங்க் சினாட்ரா "டூ-பி-டூ-பி-டூ" என்று இழுப்பதைக் கேட்டு, சிபிஎஸ் டிவியின் ஃபிரெட் சில்வர்மன் நாய்க்கு அந்தப் பெயரை வைத்தார். 1969 செப்டம்பரில் தொடர் வந்தது. சொல்லுக்கு முன்னால் "ர" சேர்த்துப் பேசும் அதன் பாணியை, டான் மெசிக் ஏற்கனவே 1962-ல் 'தி ஜெட்சன்ஸ்' நாய் ஆஸ்ட்ரோவுக்குச் செய்துகாட்டியிருந்தார். "ருஹ்-ரோ"வுக்கு மூத்த உரிமை ஆஸ்ட்ரோவுக்குத்தான்.

வசனமே இல்லாத டாம் அண்ட் ஜெர்ரியை மட்டும் எப்படி உலகமே ரசிக்கிறது?

அசைவுக்குச் செலவு செய்ததால். அங்கேயும் ஒரு முத்திரை ஒலி உண்டு: டாமின் அந்த அலறல். அது இயக்குநர் வில்லியம் ஹன்னாவே மைக்கில் கத்தியது.

இந்த வசனங்கள் உண்மையில் மொழியை மாற்றியிருக்கின்றனவா?

மாற்றியிருக்கின்றன. "டோ" 2001-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் ஏறியது. சலிப்பைக் காட்டும் "மெஹ்" 2008-ல் காலின்ஸ் அகராதிக்குத் தேர்வானது. அது சிம்ப்சன்ஸில் பிறந்த சொல் இல்லை என்றாலும், பரவியதில் அந்தத் தொடருக்குப் பெரிய பங்கு உண்டு. 1996 அத்தியாயம் ஒன்றில் பெரிதாக்குவது என்ற பொருளில் வேடிக்கைக்காகப் போட்ட "எம்பிக்கன்" என்ற சொல்லை 2018-ல் மெரியம்–வெப்ஸ்டர் சேர்த்துக்கொண்டது.

ஒரு சொல் எப்படி ஊர் சுற்றும் என்பதற்கு "கவபங்கா"வைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1950களில் 'ஹவ்டி டூடி' என்ற அமெரிக்கச் சிறுவர் டிவி நிகழ்ச்சிக்காக எடி கீன் உருவாக்கிய அர்த்தமில்லாத சொல் அது. அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளில் சிலர் கலிஃபோர்னியா கடற்கரையில் அலைச்சறுக்கு விளையாடப் போனார்கள். அலை ஏறும்போது அதைக் கத்தினார்கள். பிறகு அது அலைச்சறுக்குக்காரர்களின் சொல் என்றே ஆகிவிட்டது. 1987-ல் நிஞ்ஜா ஆமைகள் டிவிக்கு வந்தபோது, அந்தக் கடற்கரைத் தோரணைக்காக ஆமைகளின் வாயில் வைத்தார்கள். பிள்ளைகள் தங்களுடைய புதுச் சொல் என்று நினைத்துக் கத்தியதை, அப்பா அம்மாக்கள் சின்ன வயதிலேயே கத்தியிருந்தார்கள்.

இவற்றைச் சொல்லிச் சொல்லியே சரக்கு விற்றார்கள் என்பது உண்மையா?

உண்மை. 1968-ல் பிளிமத் கம்பெனி 'ரோட் ரன்னர்' என்று ஒரு காரே விட்டது. பெயருக்கும் படத்துக்கும் வார்னருக்கு 50,000 டாலர் கொடுத்து, "பீப் பீப்" என்று கேட்கும் ஹாரனை உருவாக்க இன்னும் 10,000 டாலர் செலவழித்தார்கள்.

1980களில் நிலைமை தலைகீழானது. அதுவரை கார்ட்டூன் ஓடிய பிறகு பொம்மை வரும். இப்போது பொம்மை முதலில் வந்தது, அதை விற்கக் கார்ட்டூன் வந்தது. அமெரிக்காவின் ஒளிபரப்பு விதிகள் தளர்ந்ததும் இதற்கு வழிவிட்டது. மேட்டல் கம்பெனியின் ஹீ-மேன் பொம்மை 1982-லும் தொடர் 1983-லும் வந்தன. வாளை உயர்த்தி "கிரேஸ்கல்லின் சக்தியால்... எனக்குச் சக்தி வந்துவிட்டது!" என்பது, பொம்மையைக் கையில் வைத்திருக்கும் பிள்ளைக்கு விளையாட்டு எங்கே தொடங்குகிறது என்று சொல்லிக்கொடுக்கும் வரி. இந்த வகை வசனங்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. கச்சிதமாகச் செய்யப்பட்டவைதான், ஆனால் கேட்டால் கடை வாசனை அடிக்கிறது. அவற்றைக் கத்திக்கொண்டு தெருவில் ஓடிய பிள்ளைகளின் சந்தோஷம் நிஜம் என்பதையும் மறுக்க மாட்டேன்.

கெட்ட பேச்சைப் பரப்புகின்றன என்று தடை செய்தார்களாமே?

1990-ல் அமெரிக்காவில் பார்ட் சிம்ப்சன் டி-ஷர்ட் அலை அடித்தது. "மந்த மாணவன், அதில் எனக்குப் பெருமை" என்ற பொருள்படும் வரி அச்சிட்ட சட்டையைச் சில பள்ளிகள் தடை செய்தன. 1992-ல் ஜனாதிபதி ஜார்ஜ் புஷ், அமெரிக்கக் குடும்பங்கள் சிம்ப்சன்ஸைப்போல இல்லாமல் 'தி வால்டன்ஸ்' என்ற டிவி தொடரின் குடும்பத்தைப்போல இருக்க வேண்டும் என்று பேசினார். தொடர் இன்றும் ஓடுகிறது. பிள்ளை ஒரு வசனத்தைப் பிடித்துக்கொள்வது, அதைச் சொன்னால் கூட்டாளிகள் சிரிப்பார்கள் என்பதற்காக. கூட்டாளிகளுக்கு அலுத்துப்போன அன்று அவனும் விட்டுவிடுவான். தடை போட்டால் அந்த நாள் தள்ளிப்போகும்.

திரும்பத் திரும்பச் சொன்னால் சலிக்காதா?

சலிக்கும். அதைப் பாத்திரங்களை உருவாக்கியவர்களே உணர்ந்திருக்கிறார்கள். 'சவுத் பார்க்'கில் (1997) வாராவாரம் கென்னி என்ற சிறுவன் சாவதும், "கடவுளே, கென்னியைக் கொன்னுட்டாங்க!" என்று ஸ்டேன் கத்துவதும் வாடிக்கை. இனி எப்படிச் சாகடிப்பது என்று யோசித்தே அலுத்துப்போய், 2001 டிசம்பரில் கென்னியை நிஜமாகவே நோயில் விழவைத்துச் சாகடித்தார்கள். அந்த அத்தியாயம் சிரிப்பே வராத மாதிரி இருக்கும். ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துத்தான் அவன் திரும்பி வந்தான்.

சிம்ப்சன்ஸ் இன்னும் நேரடியாக மோதியது. 1994-ல் வந்த 'பார்ட் கெட்ஸ் ஃபேமஸ்' அத்தியாயத்தில், "நான் செய்யலை" என்று தற்செயலாகச் சொன்ன ஒரு வரியால் பார்ட் ஒரே இரவில் நட்சத்திரமாகிறான். பொம்மை, பாட்டு, டிவி பேட்டி என எல்லாம் வருகிறது. பிறகு ஒருநாள் அதே வரிக்கு யாரும் சிரிப்பதில்லை. முடிவில் வீட்டில் எல்லோரும் வரிசையாகத் தங்கள் முத்திரை வசனத்தைச் சொல்ல, லிசா மட்டும் நான் என் அறையில் இருப்பேன் என்று எழுந்து போகிறாள். இது என்ன முத்திரை வசனம் என்று கேட்கிறார் ஹோமர். இந்த விஷயத்தைப் பற்றி இதைவிடக் கூர்மையான 22 நிமிடம் நான் பார்த்ததில்லை.

பக்ஸ் பன்னிக்கு மட்டும் ஏன் சலிக்கவில்லை? ஒவ்வொரு முறையும் எதிரே நிற்கும் ஆபத்து மாறிக்கொண்டே இருக்கும். வரி பழசு, சூழ்நிலை புதுசு.

ஒரு முத்திரை வசனம் சட்டப்படி யாருக்குச் சொந்தம்?

அமெரிக்கச் சட்டத்தில் இரண்டு மூன்று சொற்கள் கொண்ட தொடருக்குக் காப்புரிமை (காப்பிரைட்) கிடையாது. டிரேட்மார்க் வாங்கலாம், அதுவும் குறிப்பிட்ட பொருள்களை விற்கத்தான். 'தி லயன் கிங்' வந்த 1994-ல் "ஹகுனா மடாடா"வுக்கு டிஸ்னி விண்ணப்பித்து, 2003-ல் உடைகளுக்கான பதிவு பெற்றது. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஸ்வாஹிலி பேசும் லட்சக்கணக்கானோர் புழங்கும், "கவலை இல்லை" என்று பொருள்படும் தொடர் அது. கென்யாவின் தெம் மஷ்ரூம்ஸ் குழு 1982-லேயே பாட்டில் பாடியிருந்தது. 2018-ல் இதை எதிர்த்துப் பெரிய கையெழுத்து இயக்கம் நடந்தது. அந்தக் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். டி-ஷர்ட்டுக்கு மட்டும்தான் என்று வக்கீல்கள் விளக்கினாலும், ஒரு சமூகத்தின் அன்றாடப் பேச்சைப் பதிவேட்டில் ஏற்றுவது நெருடத்தான் செய்யும்.

குரல் கலைஞருக்கு உரிமை உண்டா என்பதற்கு வுடி வுட்பெக்கர் வழக்கே பதில். 1940-ல் வுடியின் சிரிப்பைச் சிரித்தவர் மெல் பிளாங்க். அவர் வார்னரோடு தனி ஒப்பந்தத்துக்குப் போய்விட்ட பிறகும் அந்த ஒலியைத் தொடர்ந்து பயன்படுத்தினார்கள். பிளாங்க் வழக்குப் போட்டார். குரலுக்குக் காப்புரிமை பதிவு செய்யவில்லை என்று நீதிபதி தயாரிப்பாளர் வால்டர் லான்ட்ஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னார். பிளாங்க் மேல்முறையீட்டுக்குப் போனதும், ஜெயித்த லான்ட்ஸே வெளியே சமரசம் பேசிப் பணம் கொடுத்தார்.

ஜப்பானிய அனிமேயிலும் இது உண்டா?

நிறைய. "நிலவின் பெயரால் உன்னைத் தண்டிக்கிறேன்" என்று சைலர் மூன் (1992) போஸ் கொடுத்துச் சொல்வது ஒரு சடங்கு மாதிரி. பிக்காச்சுவோ இன்னும் சுவாரசியம். அதற்குத் தெரிந்த ஒரே சொல் தன் பெயர். கோபம், பாசம், பயம் எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லை வைத்தே இகுயே ஓதானி 1997-லிருந்து நடித்துவருகிறார். மொழிகள் பலவற்றுக்கு டப்பிங் செய்தபோதும் அவர் குரலை அப்படியே விட்டுவைத்தார்கள்.

மீம் உலகம் வேறொரு விதத்தில் வேலை செய்கிறது. 'டிராகன் பால் ஸீ'யில் கோகுவின் பலத்தை அளக்கும் வெஜிட்டா, ஜப்பானிய மூலத்தில் 8000-க்கு மேல் என்கிறான். ஆங்கில டப்பிங்கில் அது 9000. அந்த ஆங்கிலக் கத்தல்தான் 2000களின் நடுவில் இணையமெங்கும் பரவியது. தொடரில் ஒரே ஒருமுறை வரும் வரி அது. முன்பெல்லாம் பாத்திரம் வாராவாரம் சொல்லி நம் தலையில் ஏற்றும். இப்போது அந்தத் திரும்பச் சொல்லும் வேலையைப் பார்வையாளர்களே செய்கிறார்கள்.

எல்லோரும் தப்பாக நினைவு வைத்திருப்பவை எவை?

டிஸ்னியின் 1937 'ஸ்னோ ஒயிட்' படத்தில் ராணி "மிரர், மிரர்" என்று கூப்பிடுவதில்லை. "மேஜிக் மிரர்" என்கிறாள். மிக்கி மவுஸின் முதல் சொற்கள் ஏதோ வணக்கம் இல்லை, 1929-ல் 'தி கார்னிவல் கிட்' படத்தில் "ஹாட் டாக்ஸ்!" என்று கூவி விற்றது. மெல் பிளாங்க்குக்குக் கேரட் ஒத்துக்கொள்ளாது என்பதும் கட்டுக்கதை. வேறு காய்களைக் கடித்துப் பார்த்தும் அந்த மொறுமொறு சத்தம் வரவில்லை. கேரட்டை மென்று விழுங்க நேரமாகும் என்பதால் பக்கத்தில் ஒரு கிண்ணம் வைத்துத் துப்பிவிட்டு வசனத்தைத் தொடர்ந்தார்.

இவற்றைப் புதிதாகப் பார்க்க நினைப்பவர் எங்கே தொடங்கலாம்?

'எ வைல்ட் ஹேர்' முதலில். எட்டே நிமிடம். ஒருமுறை சும்மா பாருங்கள். இரண்டாம் முறை திரையைப் பார்க்காமல் காதால் மட்டும் கேளுங்கள். நகைச்சுவையில் பெரும்பகுதி அப்படியே நிற்பது தெரியும். அடுத்து 1949-ன் 'ஃபாஸ்ட் அண்ட் ஃபரி-அஸ்'. அங்கே ஓர் ஒலி மட்டும் போதும் என்று புரியும். பிறகு பிளின்ட்ஸ்டோன்ஸில் ஏதாவது ஓர் அத்தியாயம், கடைசியில் 'பார்ட் கெட்ஸ் ஃபேமஸ்'.

பார்க்கும்போது டைட்டிலைத் தாண்டிப் போய்விடாதீர்கள். 1940 படத்தில் குரல் கலைஞர் ஒருவர் பெயரும் இருக்காது. 1940களின் பிற்பாதிப் படங்களில் மெல் பிளாங்க்கின் பெயர் வரும். அவர் ஒப்பந்தத்தின் காரணமாக மற்றவர்கள் பெயர் வராது. "ரொம்ப ரொம்ப அமைதியா இருங்க, நான் முயல் வேட்டை ஆடறேன்" என்று மழலையில் சொல்லும் எல்மர் ஃபட்டுக்குக் குரல் கொடுத்தவர் ஆர்தர் கியூ. பிரையன். பக்ஸின் பாதி நகைச்சுவை அவர் கொடுத்த இடத்தில்தான் நிற்கிறது.